செலவில்லாத செலவு: ரிவார்டு பாயின்ட்டுக்காகச் சுற்றும் பணம்

அமெரிக்காவின் ஒரு டாலர் நாணயம் 8.1 கிராம் எடை. ஆயிரம் நாணயம் சேர்ந்தால் எட்டுக் கிலோவைத் தாண்டிவிடும், சின்ன அரிசிப் பை ஒன்றின் கனம். 2008-க்கும் 2011-க்கும் இடையில் அந்த நாட்டில் சில வீட்டு வாசல்களில் இப்படிக் கனமான அட்டைப்பெட்டிகள் அடிக்கடி வந்து இறங்கின. அனுப்பியது அரசின் நாணயச் சாலை. ஒரு பெட்டியில் 250 நாணயம், விலையும் 250 டாலர்தான். அனுப்பும் கூலி கிடையாது. கிரெடிட் கார்டிலேயே பணம் கட்டலாம்.

வாங்கியவர் பெட்டிகளைக் காரில் ஏற்றி நேராக வங்கிக்குக் கொண்டுபோய்த் தன் கணக்கில் போட்டார். கார்டு பில் வந்ததும் அந்தப் பணத்தை எடுத்துக் கட்டினார். அவர் கையை விட்டு ஒரு டாலர்கூடப் போகவில்லை. ஆனால் கார்டு நிறுவனத்தின் பார்வையில் அவர் பல ஆயிரம் டாலருக்குப் பொருள் வாங்கிய நல்ல வாடிக்கையாளர். அதற்குண்டான விமான மைல்கள், அதாவது விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய பாயின்ட்கள், அவர் கணக்கில் ஏறிவிட்டன. அந்த மைல்களில் குடும்பத்தோடு ஊர் சுற்றி வந்தவர்கள் உண்டு.

இந்த வேலைக்கு அங்கே ‘மேனுஃபேக்சர்டு ஸ்பெண்டிங்’ என்று பெயர். செலவைத் தயாரிப்பது என்று சொல்லலாம். நமக்குத் தேவையானதை வாங்கும்போது கூடவே கிடைக்கும் பாயின்ட் வேறு. பாயின்ட் மட்டும்தான் வேண்டும், பொருள் எதுவும் வேண்டாம், போட்ட பணம் அப்படியே திரும்பி வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்வது வேறு. பணம் ஒரு வட்டம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. சுற்றிய சுற்றுக்குக் கூலியாகப் பாயின்ட் கிடைக்கிறது. இந்தக் கூலியைக் கொடுப்பது யார் என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. அதற்குப் பதில் தேடினால் கிரெடிட் கார்டு என்ற ஏற்பாடு முழுவதும் புரிந்துவிடுகிறது.

நாணயக் கதையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதில் எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பழைய குடியரசுத் தலைவர்கள் ஒவ்வொருவரின் முகத்தோடும் ஒரு டாலர் நாணயம் அடிக்க வேண்டும், ஆண்டுக்கு நான்கு பேர் வீதம். 2007-ல் நாணயங்கள் வரத் தொடங்கின. ஆனால் டாலர் நோட்டு புழக்கத்தில் இருக்கும்போது கனமான நாணயத்தை யார் பையில் சுமப்பார்கள்? வங்கிக்குப் போன நாணயங்கள் மத்திய வங்கியின் கிடங்குக்குத் திரும்பி வந்து குவிந்தன. அடிப்பதை நிறுத்தவும் முடியாது, சட்டம் அப்படி. எப்படியாவது மக்கள் கையில் புழங்கட்டும் என்றுதான் 2008-ல் வீட்டுக்கே இலவசமாக அனுப்பும் திட்டம் வந்தது.

அப்புறம் நடந்ததுதான் மேலே சொன்னது. நாணயச் சாலையிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து வங்கிக்கு, வங்கியிலிருந்து மறுபடியும் மத்திய வங்கிக் கிடங்குக்கு. புழக்கத்துக்கு அனுப்பிய நாணயம் யார் கையிலும் புழங்காமல் ஊர் சுற்றித் திரும்பியது. 2011-ல் கிடங்குகளில் நூறு கோடிக்கும் மேற்பட்ட நாணயங்கள் கிடந்தன. எல்லாம் இந்தப் பாயின்ட்காரர்களால் வந்தவை அல்ல. பெரும்பகுதி யாரும் கேட்காமல் அடித்துத் தள்ளியதால் சேர்ந்த குவியல். ஆனால் இந்தக் கூத்து செய்திகளில் வந்தபிறகு நாணயச் சாலையால் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் இந்தத் திட்டத்துக்குக் கிரெடிட் கார்டு வாங்குவதை நிறுத்தியது. டிசம்பரில் புழக்கத்துக்காக அந்த நாணயம் அடிப்பதையே அரசு நிறுத்திவிட்டது.

கூலி கொடுத்தது யார்? பெட்டியை அனுப்பிய தபால் செலவு நாணயச் சாலையுடையது. கார்டில் பணம் வாங்கும் எந்தக் கடையும் போல, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது கமிஷன் போல ஒரு கழிவைக் கார்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கழிவிலிருந்து ஒரு பங்குதான் மைலாக மாறியது. ஆக, அந்த விமான டிக்கெட்டில் ஒரு பகுதியை அமெரிக்காவின் பொதுப்பணம் வாங்கிக் கொடுத்தது. செய்தவர்கள் சட்டத்தை மீறவில்லை என்பது உண்மை. ஆனாலும் இதைச் சாமர்த்தியம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

1999-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பொறியாளர் புட்டிங் என்ற இனிப்பை 12,150 கோப்பை வாங்கி, அதன் லேபிள்களை அனுப்பிப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் விமான மைல் சேர்த்த கதையைப் பலரும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அது வேறு. அவர் பொருளை உண்மையாகவே காசு கொடுத்து வாங்கினார், கம்பெனி தானே அறிவித்த சலுகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், புட்டிங் தொண்டு நிறுவனத்துக்குப் போய் ஆட்கள் வயிற்றுக்குள்ளும் போனது. பொருள் விற்றது, சலுகைக்கு விலை கிடைத்தது. நாம் பேசும் விஷயத்தில் பொருளே கிடையாது.

நாணய வாசல் மூடிய பிறகு இந்த வேலை கிஃப்ட் கார்டுக்கு மாறியது. உண்மையில் அதுதான் இதன் முதுகெலும்பு. நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தை மகன் இரண்டு வருடம் இதைச் செய்தான். அவனிடமிருந்துதான் நான் விவரமாகத் தெரிந்துகொண்டேன்.

அங்கே மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டி நிறைய கிஃப்ட் கார்டுகள் தொங்கும். அதில் விசா, மாஸ்டர்கார்டு முத்திரையோடு 500 டாலர் வரை போடக்கூடிய கார்டுகள் இருக்கும். வாங்கும்போது கார்டுக்கு ஆறு டாலர் போலக் கட்டணம். சனிக்கிழமை காலையில் இரண்டு கார்டு எடுத்துக் கல்லாவில் வைத்தால், சிப்பந்தி மேலாளரைக் கூப்பிடுவார், அவர் வந்து ஒப்புதல் தட்டுவார், சில கடையில் அடையாள அட்டை கேட்பார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மச்சான் ஒவ்வொரு கார்டின் மேலும் தடித்த பேனாவால் தேதியையும் கடைசி நான்கு எண்ணையும் எழுதுவான், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவான், எக்ஸெல் தாளில் ஒரு வரி ஏற்றுவான். அந்தக் கார்டுக்கு ரகசிய எண் உண்டு, ஆகவே டெபிட் கார்டு போல வேலை செய்யும். அதை எடுத்துக்கொண்டு இன்னொரு கடைக்குப் போய் மணி ஆர்டர் வாங்குவான். நம் ஊரில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த மணி ஆர்டர் மாதிரி இல்லை இது. அங்கே அது டிமாண்ட் டிராஃப்ட் போல ஒரு தாள். தன் பெயருக்கே எடுத்து, தன் வங்கிக் கணக்கில் போடுவான். பில் தேதிக்குள் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும்.

கணக்கைப் பார்ப்போம். 500 டாலர் கார்டு, கட்டணம் 5.95 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் ஏறியது 505.95. மளிகைக் கடைச் செலவுக்கு ஐந்து சதவீதம் திருப்பித் தரும் கார்டாக இருந்தால் 25.30 வரும். கட்டணம் போக 19.35. இரண்டு கார்டை வைத்து ஆயிரம் டாலர் மணி ஆர்டர் ஒன்று எடுக்க ஒரு டாலர் கூலி என்றால், கார்டு ஒன்றுக்கு ஐம்பது சென்ட் கழியும். மிஞ்சுவது 18.85. அதே வேலையை எல்லாச் செலவுக்கும் இரண்டு சதவீதம் தரும் சாதாரண கார்டில் செய்தால் மிஞ்சுவது 3.67 மட்டும். அதில் பெட்ரோல் போட வேண்டும், இரண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

“இது பார்ட்-டைம் வேலை மச்சான், சும்மா வர்ற காசு இல்ல” என்றான் அவன். ஒருமுறை புதிதாக வாங்கிய 500 டாலர் கார்டு ஒன்றில் பணமே இல்லை. கடையில் தொங்கும்போதே யாரோ உறையைப் பிரித்து எண்ணைக் குறித்துக்கொண்டு, பழையபடி ஒட்டி வைத்துவிட்டார்கள். கார்டுக்குப் பணம் ஏறிய சில மணி நேரத்தில் வேறெங்கோ யாரோ அதைக் காலி செய்துவிட்டார். பணத்தைத் திரும்ப வாங்க ஏழு வாரம் தொலைபேசியில் மல்லுக்கட்டினான். அந்த ஒரு கார்டு, முந்தைய மூன்று மாத லாபத்தைத் தின்றுவிடும் நிலைமை. அதற்குப் பிறகு சீக்கிரமே விட்டுவிட்டான்.

சரி, அந்த 25.30 டாலர் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் நீங்கள் நூறு டாலருக்குக் கார்டைத் தேய்த்தால், கடைக்காரர் கைக்குப் பெரும்பாலும் 97 அல்லது 98 டாலர்தான் போகும். மீதி, கடைக்காரரின் வங்கி, விசா போன்ற கட்டமைப்பு, உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி ஆகிய மூவருக்கும் பிரியும். பெரிய பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. அதிலிருந்துதான் அது உங்களுக்குப் பாயின்ட் தருகிறது. அதனால் இரண்டு சதவீதம் வரை தருவது அதற்கு முடியும். ஐந்து சதவீதம் தருவது அந்தக் கழிவிலிருந்து மட்டும் முடியாது. அப்படி இருந்தும் ஏன் தருகிறது? ஐந்து சதவீத ஆசை காட்டினால் நீங்கள் அந்தக் கார்டைப் பர்ஸில் முதலில் வைப்பீர்கள், ஒரு சதவீதமே தரும் மற்ற செலவுக்கும் அதையே நீட்டுவீர்கள். சிலர் பாயின்ட்டை எடுக்க மறப்பார்கள். சிலர் ஆண்டுக் கட்டணம் கட்டுவார்கள். முக்கியமாக, சிலர் பில்லை முழுதாகக் கட்ட முடியாமல் வட்டியில் மாட்டுவார்கள். அந்த வட்டி ஆண்டுக்கு இருபது சதவீதத்தைத் தாண்டும். இந்த எல்லாரையும் ஒரே பானையில் போட்டுத்தான் வங்கி கணக்குப் பார்க்கிறது.

செலவைத் தயாரிப்பவர் இந்தப் பானையில் சேராதவர். ஐந்து சதவீதச் செலவு மட்டுமே செய்வார், பில்லை ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டார், ஒரு பாயின்ட்டையும் மறக்க மாட்டார். அவர் செய்யும் ஒவ்வொரு நூறு டாலருக்கும் வங்கிக்கு நஷ்டம்.

வங்கி நஷ்டப்பட்டால் நமக்கென்ன என்று தோன்றலாம், நியாயம்தான். ஆனால் கடையைப் பாருங்கள். 505.95 டாலருக்குக் கிஃப்ட் கார்டு விற்ற கடை, கிரெடிட் கார்டுக் கழிவாக எட்டு, பத்து டாலர் கொடுக்க வேண்டியிருக்கலாம். வாடிக்கையாளர் கட்டிய கட்டணமே ஆறு டாலர், அதிலும் கடைக்கு வருவது ஒரு பங்குதான். கிஃப்ட் கார்டு வாங்க வந்தவர் அப்படியே பாலும் பழமும் வாங்கிப் போவார் என்று நம்பித்தான் கடை அந்தத் தட்டியைத் தொங்கவிட்டது. இரண்டு கார்டோடு மட்டும் வரிசையில் நிற்பவரால் கடைக்கு ஒவ்வொரு முறையும் கைநஷ்டம். அந்த நஷ்டத்தைக் கடை எங்கே ஈடுகட்டும்? பால் விலையில்தான். கார்டுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்று பெரும்பாலான கடைகள் வைப்பதில்லை. ஆகவே நோட்டு கொடுத்துப் பால் வாங்குகிறவரும் அந்தக் கழிவைச் சுமக்கிறார், ஆனால் அவருக்குப் பாயின்ட் கிடையாது.

பாஸ்டன் நகரின் மத்திய வங்கிக் கிளையைச் சேர்ந்த பொருளாதார அறிஞர்கள் 2010-ல் இதைக் கணக்கிட்டார்கள். ரொக்கத்தில் வாங்கும் ஒரு குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரைக் கார்டில் வாங்கும் குடும்பங்களுக்குத் தன்னை அறியாமல் கொடுக்கிறது. கார்டில் வாங்கும் குடும்பம் ஒன்று அப்படி 1,133 டாலர் பெறுகிறது. வருமானத்தின்படி பிரித்தால், மிகக் குறைந்த வருமானக் குடும்பங்கள் கொடுக்கும் பக்கம், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பங்கள் வாங்கும் பக்கம். இது சாதாரணமாகக் கார்டு பயன்படுத்துவதைப் பற்றிய கணக்கு. செலவைத் தயாரிப்பவர்கள் மிகச் சிலர், இந்த எண்ணில் அவர்கள் பங்கு பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பது இதே குழாயைத்தான். எல்லாரும் குவளையில் பிடிக்கும் இடத்தில் அவர்கள் டேங்கர் லாரி நிறுத்துகிறார்கள்.

அந்த டேங்கர் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பு சாட்சி. 2021 பிப்ரவரியில் அமெரிக்க வரி நீதிமன்றம் அனிகீவ் என்ற தம்பதியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கணவர் இயற்பியலாளர். 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அவர்கள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுகளில் 64 லட்சம் டாலருக்கு மேல் தேய்த்திருந்தார்கள். ஆண்டில் முதல் 6,500 டாலர் தாண்டிய பிறகு மளிகைக் கடை, மருந்துக் கடைச் செலவுக்கு ஐந்து சதவீதம் தரும் கார்டு அது. அவர்கள் வாங்கியது முக்கியமாக விசா கிஃப்ட் கார்டுகள். அவற்றை வைத்து மணி ஆர்டர் எடுத்து வங்கியில் போட்டார்கள். கொஞ்சம் நேரடியாகவே கிரெடிட் கார்டில் மணி ஆர்டரும் வாங்கினார்கள், ரீலோட் செய்யும் டெபிட் கார்டுகளிலும் பணம் ஏற்றினார்கள். கிடைத்த வெகுமதி 2013-ல் 36,200 டாலர், 2014-ல் 2,77,275 டாலர்.

வருமானவரித் துறை இதை வருமானம் என்று சொல்லி வரி கேட்டது. அவர்கள் இல்லை என்றார்கள். நீதிபதி கோகி முன்னால் இருந்த கேள்வி சுவாரசியமானது. நூறு ரூபாய்ச் சட்டையைத் தள்ளுபடியில் 95-க்கு வாங்கினால் ஐந்து ரூபாய் சம்பாதித்ததாக யாரும் சொல்வதில்லை. விலை குறைந்தது, அவ்வளவுதான். கார்டு வெகுமதியையும் அமெரிக்க வரித் துறை பல காலமாக இப்படித் தள்ளுபடியாகத்தான் பார்த்து வந்தது. ஆனால் தள்ளுபடி என்றால் வாங்கிய பொருள் ஒன்று இருக்க வேண்டுமே. இவர்கள் என்ன வாங்கினார்கள்?

நீதிமன்றம் இரண்டாகப் பிரித்தது. கிஃப்ட் கார்டு கடையில் விற்கும் ஒரு பொருள், அதை வாங்கியதற்குக் கிடைத்தது தள்ளுபடி, வரி இல்லை. ஆனால் நேரடியாக மணி ஆர்டர் வாங்கியதிலும் டெபிட் கார்டில் பணம் ஏற்றியதிலும் பொருள் எதுவும் வாங்கப்படவில்லை. பணத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள். அங்கே கிடைத்த வெகுமதி வருமானம், அதற்கு வரி உண்டு. பெரும்பகுதி கிஃப்ட் கார்டில் வந்தது என்பதால் தம்பதிக்குப் பெரும்பாலும் வெற்றிதான். பழைய விதிகள் இப்படி ஒரு வேலையை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல என்பது அந்தத் தீர்ப்பைப் படித்தால் புரியும். எனக்குப் பிடித்தது அந்தக் கோடு போட்ட இடம். பணத்தால் பணம் வாங்கினால் அது தள்ளுபடி ஆகாது. இந்த வேலை முழுவதையும் ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

இந்த வாசல்கள் எதுவும் அதிக காலம் திறந்திருந்ததில்லை. அமேசான் பேமென்ட்ஸ் மூலம் மாதம் ஆயிரம் டாலர் வரை கார்டிலிருந்து நண்பருக்குக் கட்டணமின்றி அனுப்ப முடிந்தது, 2014 அக்டோபரில் அந்தச் சேவை நின்றது. அதே ஆண்டு சி.வி.எஸ். மருந்துக் கடைகள், ப்ரீபெய்டு கணக்கில் பணம் ஏற்ற உதவிய ரீலோட் கார்டுகளுக்குக் கிரெடிட் கார்டு வாங்குவதை நிறுத்தின. டார்கெட் கடைகளின் ப்ரீபெய்டு கார்டுக்குக் கல்லாவிலேயே கிரெடிட் கார்டால் பணம் போட முடிந்தது, 2015-ல் ரொக்கம் மட்டும் என்று ஆகிவிட்டது. 2016 ஜனவரியில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், தன் புளூபேர்டு, சர்வ் என்ற ப்ரீபெய்டு கணக்குகளில் இந்த வேலை செய்தவர்களை ஒரே நாளில் கூண்டோடு வெளியேற்றியது. இன்றைக்குப் பல கார்டுகளின் விதிமுறையிலேயே கிஃப்ட் கார்டு, மணி ஆர்டர், ஆளுக்கு ஆள் அனுப்பும் பணம் இவற்றுக்கு வெகுமதி இல்லை என்று எழுதியிருக்கும். மீறியது தெரிந்தால் கொடுத்த பாயின்ட்டைப் பிடுங்கிக்கொள்ளவும் கணக்கை மூடவும் கார்டு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. லட்சக்கணக்கில் சேர்த்து வைத்த பாயின்ட் ஒரு மின்னஞ்சலில் போய்விடும்.

இன்னொரு ஆபத்து வங்கிப் பக்கம். அமெரிக்காவில் 1970-லிருந்து நடப்பில் உள்ள வங்கி ரகசியச் சட்டத்தின்படி, பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் கைமாறினால் வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையைத் தவிர்க்கவே தொகையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் போடுவது தனிக் குற்றம். பணம் நேர்மையாக வந்ததாக இருந்தாலும் குற்றம், சிறைத் தண்டனை வரை உண்டு. பாயின்ட்டுக்காக மணி ஆர்டர் போடுபவர் ரொக்கத்தைத் தொடுவதே இல்லை, கள்ளப்பணமும் அவரிடம் இல்லை. ஆனால் வாரம் தவறாமல் ஐநூறு, ஆயிரம் டாலர் மணி ஆர்டர்களைக் கட்டாகக் கொண்டுவந்து போடும் ஒருவரையும், கள்ளப்பணத்தை வெள்ளையாக்கும் ஒருவரையும் வங்கியின் கணினி எப்படிப் பிரித்துப் பார்க்கும்? பல வங்கிகள் காரணம் சொல்லாமலே கணக்கை மூடிவிடும். குடியேறிப் போன நம் ஆட்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவருக்கு வங்கிக் கணக்கு திடீரென மூடப்பட்டால் சம்பளம், வாடகை, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகும். என் மச்சான் இதை நிறுத்தியதற்கு அந்தக் காலிக் கார்டு பாதிக் காரணம், இது மறுபாதி.

இந்தியாவில் இந்த வேலை வேறு உருவத்தில் வந்தது. இங்கே மணி ஆர்டர் தாளுக்குப் பதில் வாடகை. வீட்டு வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சில செயலிகள் சொன்னபோது, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் போதும், பணம் அங்கே போய்விடும். அந்த எண் உண்மையிலேயே வீட்டுக்காரருடையதுதானா என்று அழுத்தமாகக் கேட்டவர் குறைவு.

2022-ல் அலுவலகத்தில் என்னைவிட இளையவர் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சார், நீங்க எனக்கு ஹவுஸ் ஓனர் ஆகிறீங்களா?” என்று கேட்டார். முதலில் புரியவில்லை. மாதம் ஐம்பதாயிரம் என் கணக்குக்கு வாடகை என்ற பெயரில் வரும், நான் அதே நாளில் அவருக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அவருக்குப் பாயின்ட், ஆண்டுச் செலவு இலக்கை எட்டினால் ஆண்டுக் கட்டணமும் தள்ளுபடி. “உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல சார்” என்றார். நல்ல பையன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நான் மறுத்துவிட்டேன். என் பேரில் இல்லாத ஒரு வீட்டுக்கு மாதாமாதம் வாடகை வருவதாக ஒரு பதிவு உருவாகும். நாளைக்கு யாராவது கேட்டால் அது வருமானம் இல்லை என்று நிரூபிக்கும் வேலை என் தலையில் விழும்.

கார்டு நிறுவனங்கள் இதைக் கண்டுபிடிப்பது கடினமே இல்லை. ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. மளிகைக்கு 5411, வாடகைக்கு 6513, வாலட்டில் பணம் ஏற்றுவதற்கு 6540. நீங்கள் தேய்த்த இடம் எது என்பது இந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். 2022 அக்டோபர் 20-லிருந்து ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி வாடகைப் பரிவர்த்தனைக்கு ஒரு சதவீதக் கட்டணம் போட்டது. மற்ற வங்கிகளும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன, பாயின்ட்டையும் வெட்டின. செயலிக் கட்டணமும் இந்த ஒரு சதவீதமும் சேர்ந்தால் பெரும்பாலான கார்டுகளில் லாபம் காணாமல் போனது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, பணப் பரிவர்த்தனையை நடத்தித் தரும் நிறுவனங்களுக்குப் புதிய விதிகள் கொண்டுவந்தது. முறையாக வணிகராகப் பதிந்து சரிபார்க்கப்பட்டவருக்குத்தான் அவை பணம் அனுப்பலாம். சாதாரண வீட்டுக்காரர் வணிகர் அல்லவே. பெரிய செயலிகள் வாடகைச் சேவையை நிறுத்தின. உண்மையிலேயே வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் அதோடு வழி அடைபட்டது. எனக்கு வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் மாதக் கடைசியில் சம்பளம் தாமதமாகும்போது அந்த வசதி சிலருக்கு உதவியாக இருந்தது.

இங்கே மிகவும் பேசப்பட்ட கார்டு ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ். மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 பாயின்ட் கூடுதல். சாதாரணமாகக் கிடைக்கும் ஆறாயிரத்தோடு சேர்த்தால் 31,000. ஐந்து பாயின்ட்டுக்கு நான்கு மைல் என்ற கணக்கில் அது 24,800 விமான மைல், ஒரே மாதத்தில். குடும்பச் செலவு நாற்பதாயிரம் உள்ள வீடுகள் மீதி அறுபதாயிரத்துக்கு வழி தேடின. வவுச்சர் வாங்கி அடுக்குவது, நண்பர்களின் பில்லை நான் கட்டுகிறேன் என்று கேட்டு வாங்குவது, போன் வாங்கி மறுவிற்பனை செய்வது எல்லாம் நடந்தது. 2023 செப்டம்பர் 1-லிருந்து அந்த 25,000 நின்றது, மைல் மாற்று விகிதமும் பாதியாகக் குறைந்தது. இது வரும் என்று எதிர்பார்த்தவர்கள் மைலாக மாற்றி வைத்திருந்தார்கள். பாயின்ட்டாகவே சேர்த்தவர்கள் ஏமாந்தார்கள். பாயின்ட் வங்கியில் போட்ட பணம் அல்ல, அதன் மதிப்பை மாற்றும் உரிமை கொடுத்தவரிடமே இருக்கிறது.

இதே வட்டம் நம் ஊரில் இன்னொரு பக்கமும் சுற்றுகிறது. எங்கள் பகுதிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடை உண்டு. ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே ‘கிரெடிட் கார்டுக்கு ரொக்கம்’ என்று கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்கும். கடைக்காரர் பத்தாயிரம் ரூபாய்க்குப் பொருள் விற்றதாக மெஷினில் கார்டைத் தேய்ப்பார், நூற்றுக்கு மூன்று கழித்துக்கொண்டு 9,700 ரூபாயைக் கையில் கொடுப்பார். விதிப்படி இது கூடாது, இருந்தும் நடக்கிறது. இங்கேயும் பொருள் எதுவும் கைமாறவில்லை, பணம் கொடுத்துப் பணம் வாங்குவதுதான். ஆனால் இங்கே வருபவர் பாயின்ட்டுக்காக வருவதில்லை. ஒருமுறை என் போனைச் சரிசெய்யக் காத்திருந்தபோது ஒருவர் இரண்டு கார்டுகளைத் தேய்த்தார். ஒன்றின் பில்லைக் கட்ட இன்னொன்றிலிருந்து எடுக்கிறார் என்பது அவர் பேச்சில் தெரிந்தது. அடுத்த மாதம் முழுதாகக் கட்ட முடியாவிட்டால் பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் வட்டி ஓடும். என் மச்சானுக்கு ஒரு சுற்றுக்குப் பதினெட்டு டாலர் கிடைத்தது, இவர் ஒரு சுற்றுக்கு முந்நூறு ரூபாய் கொடுக்கிறார். கடைக்காரர் நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். அவர் எண்ணாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கார்டு இரண்டையும் பழைய டிக்கெட் ஒன்றில் சுற்றிப் பர்ஸில் செருகினார்.